பட்டணத்துல யாரு சாதி பாக்கறா?

ஊரை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு சேரிப் பிள்ளையின் காதிலும் இந்த வாசகம் ஓதப்படுகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஓதுகிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஓதுகிறார். முற்போக்குப் பத்திரிகையில் எழுதுகிற நண்பரும் ஓதுகிறார். இவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பதுண்டு. சென்னையில நீங்க எத்தன வீடு மாறியிருக்கீங்க? வீடு கேட்டுப் போன எடத்துல உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க? பெரும்பாலும் பதில் வராது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பேரிலோ பேச்சிலோ நெற்றியிலோ ஊர்ப்பெயரிலோ, கேட்காமலேயே பதில் கிடைத்துவிடுகிறது. தன்னிடம் கேட்கப்படாத கேள்வி உலகத்திலேயே இல்லை என்று இவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவைத்தான் நமக்கு ஆறுதலாக வேறு கொடுக்கிறார்கள்.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். எம்.ஏ. தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இதற்குள் ஏழு வீடு மாறியாகிவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் வருகிற தங்கச்சி தம்பிகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் என் தலையில் விழுந்த வேலையாகிப் போனது. இயக்க வேலை என்றால் மேடையும் துண்டறிக்கையும்தான் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் என்னோடு வந்து டூலெட் போர்டு தேடித் தெருத்தெருவாக அலைந்து பார்க்கட்டும். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. கிராமத்தைக் கோயிலாக்கிக் கும்பிடுகிறவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. மண்வாசனை, மரபு, வேர் என்று அவர்கள் உருகும்போது, அந்த மண்ணில் எங்கள் ஆத்தாவும் தாத்தாவும் யாருடைய களத்தில், எந்தக் கூலிக்குக் குனிந்தார்கள் என்பது அவர்கள் கவிதையில் வருவதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைத் தூக்கிப் பிடித்தவர்களை நேருக்கு நேர் மறுத்தார். அந்த வரைவு தனிமனிதனையே அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். ஊரை விட்டுப் போவது நமக்குத் துரோகம் ஆகாது; அது விடுதலையின் ஒரு வழி. ஆனால் பஸ் ஏறியதுமே விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பவைக்கிறார்களே, அந்த மோசடியோடுதான் என் சண்டை.

ஊரில் சாதி நேராகக் கேட்கும். நீ யாரு வூட்டுப் புள்ள என்று ஒரே கேள்வியில் முடிந்துவிடும். பட்டணத்தில் அதே கேள்வி பத்துத் துண்டாக நறுக்கப்பட்டு, காபித் தம்ளரோடு சிரித்துக்கொண்டே வரும். சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு, சொந்தமா நெலம் இருக்கா? குலதெய்வம் எது? கவிச்சி சாப்பிடுவீங்களா? என்ன கவிச்சி? ஊர்லேர்ந்து அடிக்கடி ஆளுங்க வருவாங்களா? ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் விசாரிப்புதான், அன்புதான். பத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீசில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

இதில் மிகவும் ஆபத்தான வீட்டுக்காரர் நம் மாவட்டத்துக்காரர்தான். தஞ்சாவூர்க்காரருக்கோ மதுரைக்காரருக்கோ எங்கள் ஊரின் பூகோளம் தெரியாது. நம்ம பக்கத்து ஆளுக்கு எல்லாம் அத்துப்படி. ‘அடடே, நம்ம ஊர்ப் பக்கமா!’ என்று முகம் மலரும். அடுத்த கேள்வி, ‘பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா, ஏரிக்கரைப் பக்கமா?’ ஏரிக்கரைப் பக்கம் என்றால் அவர் முகத்தில் ஏற்றிய விளக்கு அணைந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். ‘சொல்லி அனுப்பறோம்மா’ என்பார். சொல்லி அனுப்பமாட்டார்.

சாப்பாட்டுக் கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சைவம் மட்டும்’ என்று போர்டு மாட்டுகிறார்கள். வீட்டுக்குள் கவிச்சி வாசனை ஆகாது, அது எங்கள் பழக்கம் என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி எடுக்கிற வீட்டுக்காரர், ‘நாங்களும் சாப்பிடுவோம்மா, ஆனா அது மட்டும் கூடாது’ என்று குரலைத் தாழ்த்துகிறாரே, அது எந்தப் பழக்கம்? ‘அது’ என்றால் மாட்டுக்கறி. எதைத் தின்கிறோம் என்பதல்ல அவர் கவலை, யார் தின்கிறார்கள் என்பதுதான். தட்டை எட்டிப் பார்த்து ஆளை அளக்கிற வேலை இது. சைவம் என்ற சொல்லுக்குப் பின்னால் பார்ப்பனியம் எவ்வளவு வசதியாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது என்பதை வீடு தேடி அலைகிற தலித்தைக் கேட்டால் தெரியும், முஸ்லிமைக் கேட்டால் தெரியும். 2015-ல் சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தகுதியோடு வீடு கேட்டவர்களில் மேல்சாதிப் பெயர்களுக்குக் கதவு திறந்தது. தலித் பெயர்களுக்கு மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் கிடைத்தன. முஸ்லிம் பெயர்களின் நிலைமை அதைவிட மோசம். தலைநகரத்தின் யோக்கியதையே இது.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். மாடியில் ஒரு ரூம், சமையலறை, பத்து மாச அட்வான்ஸ். மூன்று மாசம் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரம்மா இவளிடம்தான் பிரஷர் பார்த்துக்கொள்வார், ‘எம் பொண்ணு மாதிரி’ என்பார். ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். மாடிப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ‘ஊர்ல எந்தப் பக்கம்மா?’ என்று வீட்டுக்காரம்மா கேட்டார். ‘காலனிம்மா’ என்று அந்தத் தாய் வெள்ளந்தியாகச் சொன்னார்கள். அடுத்த மாசம் முதல் தேதி, ‘எம் பையன் வெளிநாட்டுலேர்ந்து வரான், காலி பண்ணிக்கோம்மா’ என்று வந்தது. பையன் வரவில்லை. காலி பண்ணிய இரண்டாவது வாரம் அதே மாடியில் டூலெட் போர்டு தொங்கியது. ‘நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாமே, உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டனே’ என்று அந்த அம்மா மகளிடம் அழுதார்கள். தன் ஊரைச் சொன்னதற்காக ஒரு தாய் தன் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் பட்டணத்தில் சாதி இல்லை என்கிறீர்கள்.

அந்தக் ‘காலனி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பேங்க் காலனி இருக்கிறது, டாக்டர்ஸ் காலனி இருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர் நெஞ்சை நிமிர்த்தி முகவரி சொல்கிறார். அதே சொல் திண்டிவனத்திலிருந்து வந்தால் தீட்டாகிவிடுகிறது. அரசாங்க ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீக்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுக்காரர் ஏரிக்கரையைக் கேட்பாரே, அதை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது?

இந்த இடத்தில்தான் நம்மவர்களே ஒரு யோசனை சொல்கிறார்கள். ‘சொல்லாத. கேட்டா வேற எதையாவது சொல்லிட்டுப் போ.’ பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். அப்படி மறைத்து வாழ்கிற யாரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ராத்திரிக்குள் ஒரு கூரை வேண்டும் என்கிறவனிடம் கொள்கை பேசுவது அயோக்கியத்தனம். வெட்கப்பட வேண்டியவன் கேட்கிறவன், மறைக்கிறவன் இல்லை. ஆனால் மறைப்பது ஒரு ராத்திரிக்கு உதவுமே தவிர, குடித்தனத்துக்கு உதவாது. இதற்கு அம்பேத்கரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

1917-ல், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போகிறார் அவர். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்குகிறார். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஒரு கும்பல் மாடியேறி வருகிறது; சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்கிறது. இந்து நண்பர் ஒருவரிடம் போகிறார். நீ வந்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். கிறிஸ்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்று நழுவுகிறார். கடைசியில் பரோடாவின் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்புகிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்துப் படிப்பு ஒரு வாடகை அறையைக்கூடப் பெற்றுத் தரவில்லை. மறைத்துக்கொண்ட பெயர் பதினோரு நாள்தான் தாங்கியது. அதே மனிதர் பின்னாளில் பம்பாய் தாதரில், இந்து காலனியில், ‘ராஜகிருகம்’ கட்டித் தன் பெயரோடும் தன் புத்தகங்களோடும் குடியேறினார்.

நம் பக்கத்து சாட்சி ஒன்றும் சொல்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சக மாணவர்களோடு சேராமல் ஒதுங்கி இருந்ததை 1939-ல் வெளியான தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பையன்தான் பின்னர் சென்னைக்கு வந்து 1893-ல் பத்திரிகை தொடங்கினார். பெயர் என்ன வைத்தார் தெரியுமா? ‘பறையன்.’ எந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினாரோ, அதைத் தலைப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றார். பட்டணம் அவருக்குத் தந்தது ஒளிந்துகொள்ள இடமல்ல. கூட்டம் சேர்க்க ஆள், அச்சடிக்க மெஷின், மனு அனுப்ப தபால். பட்டணத்தால் நமக்கு உண்மையான லாபம் அதுதான்.

மறைத்து வாழ்வதற்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பேத்கர் படம் டிரங்குப் பெட்டிக்குள் போகிறது. எனக்கே ஒரு வீட்டில், ‘எல்லாம் சரி, அந்தப் படத்த மட்டும் ஹால்ல மாட்டாதீங்க’ என்ற நிபந்தனை வந்தது; அந்த வீட்டை விட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள் வந்தால் முதுகு கூசுகிறது. அம்மாவிடம், ‘மாடிப்படியில யார்கிட்டயும் பேசாத’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு எழுத்துக்கு முன்னாலேயே பொய் சொல்லக் கற்றுத்தருகிறோம். கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடிவதில்லை. அதில் தாத்தா பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. வாடகை மாசம் எட்டாயிரம் என்பது பொய். இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்.

பெண்ணாக இருந்தால் இதற்கு மேலே இன்னொரு வாடகை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடையாது என்கிறார்கள். கொடுத்தாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வந்தால் தெருவே ஜன்னலில் நிற்கும். சாதி தெரியாதவரை ‘ஒழுக்கம்’ பார்ப்பார்கள். சாதி தெரிந்துவிட்டால் ஒழுக்கம் இல்லை என்பதற்கு அதையே காரணமாக்குவார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தெரிந்துகொண்டு போங்கள். 1955-ல் வந்த குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாக்கி எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையினால்தான் செய்யப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிராளியுடையது. இவ்வளவு கூர்மையான கத்தி உறையிலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. ஏன்? ‘பையன் வரான்’ என்று சொல்கிறவர் சாதி என்ற வார்த்தையை வாயால் சொல்வதே இல்லை. நாம் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால், ‘வீடு அவருது, குடுக்கறதும் குடுக்காததும் அவர் இஷ்டம்’ என்று ரைட்டரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று எண்ணிச் சொல்கிற அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் வாடகை வீடு இல்லை. 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தங்கள் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினராகும் உரிமை என்று சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்சிகள் ஒரு சிறு சமூகம். அவர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தக் கதவின் வழியாக நாளைக்கு எந்தெந்த சாதிச் சங்கம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்?

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாசம் என்பதுதான் எழுதாத சட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. ‘வேறு மாதிரி ஒத்துக்கொண்டால்’ என்ற ஓட்டை வழியாக அது இன்னும் ஓடுகிறது. வாடகை, அட்வான்ஸ், ரிப்பேர் எல்லாவற்றையும் பேசுகிற அந்தச் சட்டம், சாதியையும் மதத்தையும் காட்டி வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிற கட்சிகளில் எதுவும் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டதாக எனக்குத் தெரியவில்லை. நம் கோரிக்கைப் பட்டியலில் அது முதல் வரியாக ஏற வேண்டும்.

சென்னையைத் தாண்டி பெங்களூருக்கோ மும்பைக்கோ ஐதராபாத்துக்கோ போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதி டிக்கெட் எடுக்காமலே கூட வரும். சாதிச் சான்றிதழ் மாநில எல்லையில் இறங்கிக்கொள்ளும். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே சாதிப்பெயர் இருந்தாலும் நிலைமை இதுதான். மத்திய அரசு வேலைக்கு உங்கள் சான்றிதழ் செல்லும். கர்நாடக அரசு வேலைக்கு, மகாராஷ்டிர அரசுக் கல்லூரி இடத்துக்குச் செல்லாது. அடுத்த மாநிலத்துக்குப் போனால் இழிவு குறைந்துவிடும் என்பது போல இருக்கிறது இந்த நியாயம். கோலார் தங்கவயலில் பாதாளத்துக்குள் இறங்கிய நம்மவர்களையும் தாராவியில் தோல் பதனிட்ட நம்மவர்களையும் கேட்டால் சொல்வார்கள், எல்லை தாண்டியபோது எது குறைந்தது, எது குறையவில்லை என்று. குடும்பத்தோடு நிரந்தரமாகப் போவதாக இருந்தால், பிள்ளைகளின் படிப்பு எந்த மாநிலத்தில், வேலை எந்த மாநிலத்தில் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

இது வரைக்கும் வீட்டுக்காரர்களைத் திட்டினேன். இனி நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நாம் புதிதாக வருகிற இதே பட்டணத்திலிருந்து நம்முடைய ஆட்களைத்தான் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் பஞ்சத்திலும் கொடுமையிலும் ஊரை விட்டு வந்து, கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டு, மூட்டை தூக்கி, சாக்கடை அள்ளி, கட்டடம் கட்டி இந்த நகரத்தை நிமிர்த்தியவர்களில் பெரும்பகுதி நம் சனம். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, இருக்கிற இடத்திலேயே மாடி வீடு என்றார்கள். 2000-க்குப் பிறகு அது துரைப்பாக்கத்துக்கு அப்பால் கண்ணகி நகர் ஆனது, செம்மஞ்சேரி ஆனது, பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்கு ஆனது. 2015 வெள்ளத்தைக் காட்டி ஆற்றங்கரைகளைக் காலி பண்ணினார்கள். ஆற்றங்கரையில் எழும்பிய பெரிய கட்டடங்களுக்கு அந்த வெள்ளம் நோட்டீஸ் கொடுக்கவில்லை. 2021-ல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ போய் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாடு’ வந்தது. இருபது கிலோமீட்டர் தள்ளிப்போன வேலை கிட்டே வரவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விடியுமுன்னே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தையே அரசாங்கம் காங்கிரீட்டில் வரைந்து வைத்திருக்கிறது.

அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்பது அங்கிருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். வேலை கேட்டுப் போகிற இடத்தில் ‘துரைப்பாக்கம்’ என்று சொல்கிறார்கள். ஊர்ப் பெயரை மறைக்கிற நமக்கும் பேட்டைப் பெயரை மறைக்கிற அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் படித்து, வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ ஃபிளாட் வாங்கிய நம்மவர்கள் சிலர் என்ன பேசுகிறார்கள்? ‘அந்த ஏரியாவா? அங்கல்லாம் வீடு பாக்காதம்மா, ரவுடிப் பசங்க’ என்று என்னிடமே சொல்கிறார்கள். வீட்டுக்காரரின் வாய் இவர்களுக்கு எப்போது முளைத்தது? 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்கு மட்டும் பேட்டையின் பெயர் எல்லார் வாயிலும் இனித்தது. தங்கம் வாங்காத பிள்ளைகளுக்கும் அந்த முகவரியைச் சொல்கிற உரிமை வேண்டும்.

ஆகவே கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஊரில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துச் செலவுக்காக ஊரில் இருக்கிற மனையையும் துண்டு நிலத்தையும் விற்றுவிட்டு வராதீர்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையும் 1892-ல் வந்த அரசாணையும் நமக்குக் கொடுத்த பஞ்சமி நிலம், நம்மவர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாத நிலம், எப்படிக் கைமாறிப் போனது என்பது நமக்குத் தெரியும். ஆள் ஊரில் இல்லாத வீட்டைத்தான் முதலில் வளைப்பார்கள்.

படிக்க வருகிறவர்கள் அரசு விடுதியில் இடம் கேளுங்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்கள் நம் முன்னோர் கேட்டு வாங்கியவை. அவற்றுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்ற பெயரை 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. கக்கூஸுக்குத் தண்ணீரும் படிக்க வெளிச்சமும் இருந்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இல்லாத இடத்தில் கேட்டுச் சண்டை போடுங்கள். வெளியே வீடு எடுத்தால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸையும் வாடகையையும் பேங்க் வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். தனியாக வீடு தேடிப் போகாதீர்கள்; ஒரு சாட்சி கூட இருக்கட்டும். என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், எந்தத் தேதி என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். 12-ஆம் பிரிவு இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, அதற்குத் தீனி இந்தக் குறிப்புதான். வந்த முதல் மாசத்திலேயே பக்கத்தில் இருக்கிற அம்பேத்கர் மன்றத்தையோ படிப்பு வட்டத்தையோ நம் தொழிற்சங்கத்தையோ தேடிப் போய்விடுங்கள். ஊரில் சேரி நமக்குச் சிறை, அதுவே காவலும். பட்டணத்தில் சிறை மட்டும் கூடவே வருகிறது; காவலை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாநாட்டுக்கு ஆள் சேர்க்கத் தெரிந்த நமக்கு, புதிதாக வருகிற ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் தங்க இடம் கொடுக்கத் தெரிய வேண்டாமா? சொந்த சாதிச் சங்கங்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் விடுதி கட்டி வைத்திருக்கின்றன. நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சாதி கேட்காமல் வீடு கொடுத்தவர்கள் யார், கேட்டு மறுத்தவர்கள் யார், தேதியோடு எழுதுங்கள். கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், என் ஏழு வீட்டில் இரண்டு அப்படிப்பட்ட வீடு. மறுத்த வீடுகளில் ஒன்றையாவது நீதிமன்றப் படியேற்றுங்கள். ஒரு வழக்கு போதும், தெருவில் இருக்கிற மற்ற வீடுகள் கேள்வி கேட்கும்முன் யோசிக்கும்.

நான் என் நோட்டைத் தொடங்கிவிட்டேன். இதுவரை நாற்பத்தியொரு வீடு எழுதியிருக்கிறேன். அடுத்த முறை யாராவது, ‘பட்டணத்துல யாரு சாதி பாக்கறா?’ என்று என்னிடம் கேட்டால், வாதம் பண்ணப்போவதில்லை. நோட்டைப் பிரித்துத் தெருப் பெயரும் கதவு எண்ணும் வரிசையாகப் படித்துக் காட்டுவேன்.